நிழல்கள்: அணை

உளுந்துக் கிட்டங்கியின் கணக்கு மடிக்கணினி.
பதினோரு அங்குலம்.
இரண்டு ஜிபி நினைவகம்.
மூட்டை எண்ணப் பிறந்தது.
அதில்தான் நான் சாம்ராஜ்யம் நடத்துகிறேன்.

பயின்னாவுன் சந்தை அடங்கி
லாரிகள் தார்ப்பாய் கட்டிப் போன பிறகு
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அமைப்புகளைத் திறப்பேன்.
ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் படித்துக்கொள்வேன்:
நிழல்கள், அணை.
கடல் அலை, அணை.
மேகம், மூடுபனி, கொடி அசைவு, அணை.
முகங்கள், மிகக் குறைவு.
இசையை அணைக்கவே வேண்டியிருக்கவில்லை,
விசிறி அதைவிட உரக்கப் பாடியது.

மிச்சமிருப்பது
பச்சைக் கட்டம், பழுப்புக் கட்டம்,
விக்கி விக்கி நகரும் சிவப்புச் சதுரங்கள்.
அவற்றை என் குதிரைப்படை என்று நம்புகிறேன்.

சூடுதான் தாங்காது.
ஈரத்துணி வைத்துப் பார்த்தேன்.
பிறகு சாம்பிள் தட்டில் உளுந்தைப் பரப்பி
அதன்மேல் உட்காரவைத்தேன்.
உளுந்து குளிர்ச்சி என்பார்கள்.
உண்மைதான், மூன்று டிகிரி.

என் முறையை முடிக்க அரை நிமிடம்.
பிறகு எதிரிகள் ஏழு பேர் யோசிப்பார்கள்.
நூறாவது ஆண்டில் இரண்டு நிமிடம் யோசித்தார்கள்.
நூற்றைம்பதில் ஆறு.
இப்போது பதினொன்று.
நாளைய டெலிவரிச் சீட்டு எழுதி,
நெ லின் வாங்கிவைத்த டீயைக் குடித்து,
எலிப்பொறியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும்
மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.
இவ்வளவு யோசிக்கிற எதிரியை
மதிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போகும்.
பேட்டரி நாற்பது நிமிடம்,
அதாவது மூன்று ஆண்டுகள்.
உலகம் பெருத்தால் இயந்திரம் மூச்சடைத்துப் போகும்
என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.
வடக்கே ஒன்பது கோட்டைகளை விட்டுக்கொடுத்தேன்.
கப்பல்களைக் கரையிலேயே உடைத்தேன்.
எல்லையில் நின்ற நாலாயிரம் பேரைக்
கலைத்து வீட்டுக்கு அனுப்பினேன்,
கருணையால் அல்ல,
நினைவகத்தில் இடமில்லாததால்.
எதிரியின் தூதன் வந்து
சமாதானப் பிரியர் என்றொரு ஓலை நீட்டினான்.
வெட்கமாக இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.

தாம்வேயில் அருளப்பன் கடை வைத்திருக்கிறான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரியும் கணினி,
பின்கட்டில் ஜெனரேட்டர்,
மணிக்கணக்கில் வாடகை.
ஆட்டத்தைப் பென் டிரைவில் கொண்டுபோனேன்.
எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளினான்.
பதினொரு நிமிடம்
நாலு நொடியானது.
கடல் நகர்ந்தது.
என் சிவப்புச் சதுரம் ஒன்றை
அருகே அருகே இழுத்துக் காட்டினான்.

ஒரு பையன்.
தலைக்கவசம் ஒரு சுற்றுப் பெரிது.
குனிந்து செருப்பு வாரை இறுக்கினான்,
நிமிர்ந்தான்,
மறுபடி குனிந்தான்.
காலடியில் மெல்லிய நிழல்,
சாயங்கால வெயிலுக்குச் சரியான பக்கத்தில்.
"பாத்தியா, நிழல்கூட விழுது" என்றான் அருளப்பன்.

ஆற்றங்கரைச் சண்டைக்கு
எத்தனை சதுரங்களை அனுப்பினேன் என்பது
எனக்குத் தெரியும்.
கணக்கெழுதுகிறவன் நான்.
இன்னும் அரைமணி வாடகை பாக்கியிருந்தது.
எழுந்து வந்துவிட்டேன்.

கிட்டங்கியில் கரண்ட் இல்லை.
நெ லின் வந்து மூன்று நாளாகிறது.
வார்டு ஆபீஸ் குலுக்கலில் அவன் பெயர் விழுந்ததாக
மூட்டை தூக்குகிறவர்கள்
மூட்டைக்குப் பின்னால் நின்று சொன்னார்கள்.
டீயை நானே போய் வாங்கிவந்தேன்.
அவன் எப்படியோ ஆறாமல் கொண்டுவருவான்.

பேட்டரி முப்பத்தொரு சதம்.
அமைப்புகளைத் திறந்தேன்.
நிழல்கள், அணை.
அணை என்றால் நிறுத்து.
அணை என்றால் மார்போடு சேர்த்துக்கொள்.
கணினிக்கு ஒன்றுதான் தெரியும்.

'அடுத்த ஆண்டு' விசைக்கு அடியில்
ஓர் உளுந்து புகுந்திருக்கிறது,
தொட்டாலே நறநறக்கிறது.
வெளியே தெரு முழுக்க
'மீ லா பியீ' என்று கூவுகிறார்கள்,
விளக்கு வந்துவிட்டது.
விசிறி வேகமெடுக்கிறது.
விரலை எடுத்துவிட்டேன்.

ஏழு பேரும் காத்திருக்கட்டும்.
இந்த முறை
யோசிப்பது நான்.