ஓடும்

சித்திரைக் கடைசியில்
'மதகடி' என்ற பெயரில் ஒருவர்
ஒரு சொல்லின் வாலை மாற்றினார்.
கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊருக்கு இரண்டாம் வரி,
காவிரி நகரின் நடுவே ஓடுகிறது.
ஓடியது என்றாக்கினார்.
காரணம் கேட்கும் கட்டத்தில்: போய்ப் பாருங்கள்.

ஷார்ஜாவிலிருந்து நைனார் முகம்மது
அரைமணியில் பழையபடி ஆக்கினார்.
மறுபடி ஓடியது. மறுபடி ஓடுகிறது.
ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் திருப்பக்கூடாதென்று விதி.
நாலாவது முறையும் திருப்பினார்கள் இருவரும்.
கட்டுரைக்குப் பூட்டு விழுந்தது,
உள்ளே ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே.

நான் எக்ஸ்ரே நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கிறவள்.
படத்தில் தெரிவதைத்தான் அடிக்க வேண்டும்,
எங்கே வலிக்கிறதென்று அவர்கள் சொல்வதை அல்ல.
அதனால்தானோ என்னவோ நடுவில் என்னை இழுத்துவிட்டார்கள்.
வாயில் மாயவரம், விரலில் மயிலாடுதுறை,
அந்தப் பழைய வழக்கிலும் நான் இருந்தேன்.
ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று
யாரோ முதல் வரியில் சேர்த்ததை
'விளம்பர நடை' என்று நீக்கியதும் நான்தான்.
நீக்கிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

நைனார் வெள்ளைக்காரன் காலத்துக் கெசட்டியர் கொண்டுவந்தார்.
அதில் ஆறு இங்கிலீஷில் ஓடியது.
மதகடி ஒரு படம் போட்டார்:
பாலத்தடியில் மணல், மூன்று ஸ்டம்ப்,
ஆற்றுக்குள் பந்து தேடும் பையன், கால் நனையாமல்.
'சொந்த ஆய்வு, ஏற்பதற்கில்லை' என்று எழுதினேன்.
எழுதும்போது சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே
அதே மணல்.
என் ஜன்னல் அச்சில் வந்ததில்லை.
சான்றாகாது.

பதினெட்டாம் பெருக்குக்கு
அடிபம்பு முன்னால் காப்பரிசி வைத்தோம்.

நைனார் ஒருநாள் விதியெல்லாம் விட்டு எழுதினார்:
வாப்பாவை அடக்க வந்தப்ப
ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு.
அதுக்கப்புறம் நான் வரலை.
எனக்கு அது ஓடுது.

மூன்று நாள் யாரும் பதில் போடவில்லை,
மதகடிகூட.

கடைமுகத்தன்று நள்ளிரவோடு உரையாடல் முடியும் என்றார்
மட்டக்களப்பிலிருந்து வந்த நிர்வாகி.
எங்கள் ஆற்றை அவர் பார்த்ததே இல்லை,
அதுதான் அவருடைய தகுதி.
துலாக்கட்டத்தில் போர் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி
ஊர் முழுகிவிட்டுப் போனது.
ஓடுகிறது நாலு பேர். ஓடியது நாலு பேர்.

கார்த்திகை ஒன்று, காலை ஆறு மணி.
கணக்கில்லாத ஒருவர், கையொப்பமில்லாமல்:
ஷட்டர் லஸ்கர் நான் தொறந்தா ஓடும்
மூடுனா ஓடாது ஓடும்னு போடுங்க

நேரம் முடிந்துவிட்டது என்றார் நிர்வாகி.
இந்த ஊரில் ஒருநாள் தாமதத்துக்கு ஏற்பாடு உண்டு என்று
முடவன் முழுக்கைச் சொன்னேன்.
கடைமுகத்தைத் தவறவிட்டு
தவழ்ந்து தவழ்ந்து மறுநாள் வந்து சேர்ந்தவனுக்கும்
அதே பலன் என்று.
சான்று கேட்டார்.
இருந்தது, அச்சில், பக்க எண்ணோடு.

ஓடும்.
நைனாருக்கு அது தினமும்.
மதகடிக்கு அது இனிமேல், வந்தால்.
ஒரே சொல்லில் இருவரும் எதிரெதிரே உட்கார
இலக்கணம் இடம் விட்டிருந்தது.
இருவரும் 'சம்மதம்' என்று போட்டார்கள்,
ஜெயித்தது தான்தான் என்ற நினைப்பில்.

பூட்டு எடுத்த மூன்றாம் நாள்
'நடுவே' என்பதில் யாரோ கைவைத்திருந்தார்கள்,
புறவழிச்சாலை வந்தபின் ஊருக்கு நடு எது என்று.

ஓடும் என்பதன் தோளில் ஒரு சின்ன எண் நிற்கிறது.
தொட்டால் கெசட்டியருக்குப் போகும்.
லஸ்கருக்குப் போக வழியில்லை.
பெயரையாவது கேட்டிருக்கலாம்.