அடிமட்டம்

காலை எட்டரைக்கு மூன்று பத்திரிகைகள்,
முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று,
நான்கு கட்டம் போட்ட படிவம்:
சார்பு, எதிர்ப்பு, நடுநிலை, சொல்ல முடியாது.
அரசடிச் சந்தியில், மின்விசிறி கத்தும் மேல்மாடி அறையில்
செய்திகளை அளப்பது என் வேலை.

இன்று நெல்.
அமைச்சுக்குப் பதினேழு சென்ரிமீற்றர்.
ஆலைக்காரர் சங்கத்துக்குப் பதினொன்றரை, படத்துடன்.
விவசாயிக்கு இரண்டு. பெயர் இல்லை.
"கவலை தெரிவித்தார்" என்று முடிகிறது.
இதெல்லாம் சுகம். அளந்து எழுதிவிடலாம்.

தலைப்பில்தான் பேனை நின்றது.
ஒன்றில், நெல் விலை குறைந்தது.
மற்றதில், நெல் விலையைக் குறைத்தனர்.
ந் இருந்த இடத்தில் த்.
அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்,
மூன்று மில்லிமீற்றர்கூட வராது.
முதலாவதில் விலை
மாரி வெள்ளம் வடிவதுபோல் தானாக இறங்குகிறது.
இரண்டாவதில் யாருக்கோ கை இருக்கிறது.
மூன்றாவது பத்திரிகை "அரிசி மலிந்தது" என்கிறது.
அதிலும் பொய் இல்லை,
கல்லடியில் வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

"குறைந்தது" வுக்குச் சார்பு என்று புள்ளடி போட்டேன்.
எதிர்மேசையில் சிபானா போட்டது நடுநிலை.
"எல்லாரும் அப்படித்தானே எழுதுறவங்க?"
"அதுதான்" என்றேன்.
சிரிக்காமல் கேட்டாள்:
"உங்கட வயல் வெட்டியாச்சா?"

ஆச்சு.
அறுபத்திரண்டு மூடை விறாந்தையில் கிடக்கிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்:
அளப்பவர் வீட்டில் நெல் உண்டு.
வாங்கி, கீழே அவளும் எழுதினாள்:
மற்றவர் வீட்டில் ஏழு பேர், அரிசி கடையில்.

ஐந்து மணி பஸ். மண்முனைப் பாலத்தில்
வெயில் நேரே கண்ணுக்குள்.
எழுவான்கரை பின்னால், படுவான்கரை முன்னால்.
யார் வைத்த பெயர்?
நடுவாவியில் தோணியை நிறுத்தி
இருபக்கமும் திரும்பிப் பார்த்த ஒருவர் வைத்திருக்கலாம்.
நடுநிலையாகத்தான் பார்த்திருப்பார்.
அப்படியும் எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது அந்திதான்.

இறங்கி, கடப்படியில் நின்று பார்த்தேன்.
பொழுது எங்களிடம் படவில்லை.
அங்கால, வேறு யாருடைய வட்டைக்கோ மேலே
இன்னும் ஒரு முழம் நின்றது.

அண்ணன் மூடைகளுக்குப் படங்கு இழுத்துக்கொண்டிருந்தான்.
"பேப்பரில என்ன போட்டிருக்கு?"
"விலை குறைஞ்சிற்றாம்."
படங்கின் மூலையில் கல்லை வைத்தபடி
நிமிராமலே கேட்டான்:
"ஆரு குறைச்ச?"