இனிப்பைத் தொடாதது

இனிப்புப் பசை வைத்தேன், வரவில்லை.
கடலையெண்ணெய் வைத்தேன்,
சூரைமீன் துண்டு வைத்தேன்.
ஈரச் சருகுக்கடியில்
அதுபாட்டுக்குத் தன் வேலையில் இருந்தது.

எறும்பு கொல்லும் கம்பெனியில் எனக்குப் பத்தொன்பதாவது வருடம்.
வீவக புளோக்குகளில் பேய் எறும்பு, பார்வோன் எறும்பு,
கதவிடுக்கில் கட்டெறும்பு, மாமரத்தில் முசுறு,
நடையைப் பார்த்தே மருந்தைச் சொல்வேன்.
இதற்கு மட்டும் வாயில் பெயர் வரவில்லை.

புக்கிட் பாத்தோக், வெற்றுத்தளத்துக்குப் பின்னால்
மழைநீர்க் கால்வாய் வளைகிற இடம்.
ஜுமாட் வேனில் ஹாரன் அடிக்கிறான்.
தீர்ந்துபோன கோடாலித் தைலப் புட்டியில்
கிருமிநாசினி ஜெல் கொஞ்சம் ஊற்றி
ஏழு பேரை உள்ளே தள்ளினேன்.
மீதிப் பேருக்கு மருந்தடித்தேன்.
அதற்குத்தான் சம்பளம்.

அருங்காட்சியகத்தில் ஹுய் ஷான் முதலில் முறைத்தார்.
"ஜெல்லா? முடியெல்லாம் ஒட்டிக்கொள்ளுமே."
பிறகு உருப்பெருக்கியில் கண்ணை வைத்தவர்
வெகுநேரம் எடுக்கவில்லை.
ஏசி குளிரில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது.

இடுப்பில் ஒரு முடிச்சா, இரண்டா?
இரண்டு என்றால் அந்தப் பக்கம் போ.
கொம்பில் எத்தனை கணு? ஆறு.
தாடை நீளமா, குட்டையா?
கதவு எண் விசாரித்துப் போவதுபோலப் போய்ப் போய்
கடைசிக் கேள்வியில் இரண்டு பதிலும் பொருந்தவில்லை.
"இங்கே வீடே இல்லை" என்றார்,
லாட்டரி விழுந்தவர் குரலில்.

அப்புறம் ஏழு மாதம் எழுதினார்.
எழுதியதை எனக்கென்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
நீளம், ரவையில் ஒரு குருணை.
நிறம், பால் விடாத இளந்தேநீர்.
தலை, காம்பு கிள்ளிய வெற்றிலை.
தாடை, திறந்து வைத்த கிடுக்கி;
'டக்' என்று நாம் நினைப்பதற்குள் மூடிவிடும்.
இடுப்பில் பஞ்சு.
நெற்றியில் இரண்டு முடி, ஒன்று என் ஜெல்லில் போயிற்று.
கண், இல்லை.

எறும்புக்கு மூன்றறிவு என்று
தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவு வந்தது.
தொடும், சுவைக்கும், முகரும்.
பார்வையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.
அது தப்பு, எறும்புக்குக் கண் உண்டு என்று
பூச்சி பார்த்தே பிழைக்கிறவன் நான் சிரித்திருக்கிறேன்.
அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கினேன்,
ஒரே ஓர் எறும்பளவுக்கு.

"உங்கள் பெயரை வைக்கட்டுமா, மிஸ்டர் வேதமுத்து?"
கொன்றவன் பெயர் வேண்டாம் என்றேன்.
வேறென்ன விசேஷம் அதனிடம் என்று கேட்டார்.
இனிப்பைத் தொடாது, என்னைப்போல, என்றேன்.
பதினோரு வருடமாகக் கோப்பி ஓ கொசோங்.
அவர் சிரித்துவிட்டு
லத்தீனில் அதையே வைத்துவிட்டார்.

நான் சீட்டில் இருக்கிறேன்.
ஊசியில், எறும்புக்குக் கீழே,
அரிசியைவிடச் சிறிய எழுத்தில்:
இடம், தேதி, சருகடி, சேகரித்தவர் ச. வேதமுத்து.
மருந்தடித்ததும் அவரே என்று எழுத
அதில் இடமில்லை.

எறும்பூரக் கல்லும் தேயுமாம்.
எத்தனை எறும்பு என்று யாரும் சொல்வதில்லை.
அந்த வளைவில் ராணி இருந்ததா,
நான் பார்க்கவில்லை.

போன வியாழன் திரும்ப அதே கால்வாய்.
மூன்றாம் மாடியிலிருந்து புகார்.
குனிந்து சருகை விலக்கினேன்.
போதும் எழு என்றது முழங்கால்.
வாலால் துள்ளும் ஒரு பூச்சியைக் கவ்வியபடி
ஒன்று போனது.
சற்றுப் பின்னால் இன்னொன்று,
கொம்பால் தரையைத் தட்டித் தட்டி.

கையில் மருந்துக் குழாய்.
வேனில் ஹாரன்.
வேலைத் தாளில் 'பூச்சி வகை' என்ற கட்டத்துக்கு
எனக்கு அன்று சரியான பெயரே தெரிந்திருந்தது.
'இல்லை' என்று கோடு போட்டுவிட்டு
மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்குப் போனேன்.
அங்கே வேறு எறும்பு,
சர்க்கரை டப்பாவில்.