தொப்பூருக்கு இந்தப் பக்கம்

ராத்திரியில் தொப்பூர் இறங்குவதில்லை
என்பது எங்கள் வண்டியின் முதல் சட்டம்.
இரண்டாவது, பேசாமல் தூங்க வேண்டும்.
அதை யாரும் மதிப்பதில்லை.

பாளையம்புதூர் சுங்கச்சாவடிக்குச் சற்று முன்பு
பெட்ரோல் பங்கின் ஓரத்தில்
மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தினான் மாதேஷ்.
அவசரமென்றால் திருப்பிக்கொண்டிருக்க முடியாதாம்.
கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து,
தரை பின்பக்கம் சரிகிறதென்று
சக்கரத்தடியில் ஒரு கல்லும் வைத்துவிட்டு
கையைத் தட்டிக்கொண்டு வந்தான்.

பழைய பள்ளி வேன் இது.
சீட்டுகளைக் கழற்றிப் பலகை அடித்தோம்.
பெல்ட் வைத்த மூன்றை மட்டும் விட்டோம்:
வண்டி ஓடும்போது மெத்தை கிடையாது
(இதற்காக நிறைமதி
காவேரிப்பட்டணம் தாண்டும் வரை பேசவில்லை).
மஞ்சளின் மேல் வெள்ளை பூசியும்
கதவருகே தெரிகிறது, ‘படியில் பயணம்’.
அடுத்த இரண்டு சொற்களை
நானே உட்கார்ந்து
மூன்று முறை பூசி மறைத்தேன்.

கேஸை மூடினாயா?
மூடினேன்.
இருவரும் எழுந்துபோய்ப் பார்க்கிறோம்.

ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி, காற்றுக்கு.
‘யாரோட விரல்?’
அப்பா விரலென்றால் கொசு நுழையும்,
தம்பி விரலென்றால் காற்றே வராது.
அம்மா விரல் என்று முடிவாகி
என் கையை அளவுக்கு வாங்கிக்கொண்டாள்.
திருப்பித் தராமலே தூங்கிப்போனாள்.

வெளியே லாரிகள்.
இறங்கப் போகிறவர்கள்
டயர் டயராகத் தட்டிப் பார்க்கிறார்கள்,
அந்த நேரத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை.
ஏறி வந்த வண்டிகள்
டிக் டிக்கென்று சூடு ஆறின.

இரண்டு மணிக்குக் கபிலேஷுக்கு வந்துவிட்டது.
இருட்டில் கீழே இறங்க அனுமதியில்லை.
அதற்கென்றே இருக்கிறது
கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் டப்பா ஒன்று,
லேபிள் கிழியாமல், பழம் சிரிக்க.
அவனைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்தபோது
வண்டிக்குப் பின்னால் செருப்புச் சத்தம்.

டார்ச் வெளிச்சம் திரைச்சீலையில் ஊர்ந்தது.
யாரோ உட்கார்ந்தார்கள்.
எதையோ இழுக்கும் ஓசை. ‘தொம்’.
டப்பாவில் சத்தம் நிற்கவேயில்லை,
ஒரு பிள்ளைக்குள் இவ்வளவு இருக்குமா.

இடது கையில் டப்பா, வலது கையில் ஜாக்கிக் கம்பி.
மாதேஷை எழுப்பினால் கத்துவான்,
கத்தினால் நிறைமதி எழுவாள்.
பூட்டைத் தடவினேன்.
பிள்ளைகளின் பாதங்களைத் தடவி எண்ணினேன்,
நான்கு.
மறுபடியும் நான்கு.
செருப்பு நடந்து போனது. ஒரு கதவு சாத்தியது.
நான்கு மணி வரை
கம்பி என் மடியில் குழந்தை மாதிரிக் கிடந்தது.

விடிந்து பார்த்தால்
எங்கள் இன்னொரு பின்சக்கரத்தடியில்
இன்னொரு கல்.
பெரியது, கருங்கல், ஒரு முனையில் ஆயில் கறை.
பக்கத்தில் நின்ற லாரி இல்லை.
எந்த ஊர் வண்டி என்று
பங்க் பையனுக்கும் தெரியவில்லை.

‘ஏன், என் கல் போதாதாமா?’
என்று மாதேஷ் கேட்டுக்கொண்டே
தன் கல்லைக் காலால் தொட்டான்.
அது புரண்டது.
கொஞ்ச நேரம் டயரையே பார்த்தான்.
பிறகு டீ வாங்கப் போனான்.

அந்தக் கருங்கல்லை விட்டு வர மாட்டேன் என்றாள் நிறைமதி.
உருளும் எதுவும் வண்டிக்குள் கிடக்கக் கூடாது,
அது மூன்றாவது சட்டம்.
ஆகவே காலியாக இருந்த சீட்டில் வைத்து
அதற்கும் பெல்ட் மாட்டினோம்.

இரண்டாவது கியரில் இறங்கினோம்.
மூன்றாவது வளைவில் கபிலேஷ் கேட்டான்,
கல்லுக்கு வாந்தி வருமா என்று.
டப்பாவை
நான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன்.