நாணயம் இருக்கும் இடம்

மாமியார் இத்தாலியில், பாரி நகரில் இருக்கிறார்.
கிரிஸ்தாச்சின் இரட்டைக் குழந்தைகளுக்குக் காய்ச்சல்.
அதனால்தான் புத்தாண்டு லக்ரோர் என் கைக்கு வந்தது.
இல்லாவிட்டால்
துரஸ் துறைமுகத்தில் பதினேழு வருடம்
கப்பல் தகடு ஒட்டவைத்தவனை
மாவுப் பலகைக்குப் பக்கத்தில் யார் விடுவார்கள்?

வீட்டோடு மாப்பிள்ளை.
கொர்ச்சாவுக்கு மேலே இந்த மலையூரில்
அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்,
அந்த வீட்டில் யாருக்கோ சீக்கு என்பதைப் போல.

கொழுந்தியாள் ஒலிம்பிக்கு டவுனில் மருந்துக்கடை.
மில்லிகிராம் பிசகாதவள்
உப்பைக் கண்ணளவில் போடுகிறாள்.
தண்ணீர் எவ்வளவு என்றால்
தன் காதைப் பிடித்துக் காட்டுகிறாள்:
"இந்த மடல் பதம் வரும்வரை."
என் காதைத் தொட்டேன், மாவைத் தொட்டேன்,
மறுபடியும் காதை.
கடைசியில் இரண்டிலும் மாவு.

ஒக்லாய் நம்ம வீட்டுக் கட்டை மாதிரி இல்லை.
விரல் தடிமனில், கை நீளத்தில் ஒரு குச்சி,
அழுத்தினால் கோபித்துக்கொள்ளும்.
ஆறு வட்டம், நடுநடுவே வெண்ணெய்,
அடுக்கி ஒரே தாளாகத் தேய்க்கவேண்டும்,
கீழே மேசைத்துணியின் நீலக் கட்டம் தெரியும்வரை.
நீலம் தெரிந்தது.
அதே நொடியில் கிழிந்தது.

கிழிசலைக் கண்டால் என் கை
தானாக நெருப்பைத் தேடும்.
ஒலிம்பி ஈரவிரலால் ஒரு துண்டை வைத்து அமுக்கி,
"உன் தொழில்தானே இது" என்றாள்.

கோடாலி இரவல் கேட்க வந்த சோதிர்
கோடாலியை மறந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான்.
எவ்ஜெனி ஒன்றும் பேசவில்லை.
ஜன்னலைத் திறந்தாள், கோடாலியை நீட்டினாள்,
மூடினாள்.
லீக்ஸ் வதங்கும் வாசம் மட்டும்
அவன்கூடப் போயிருக்கும்.

ஐம்பது லெக் நாணயத்தைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தந்தார்கள்.
சமைத்தவன்தான் ஒளிக்கவேண்டுமாம்.
எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், மாமனாரும்தான்,
தண்டனை வாங்கிய பள்ளிப்பிள்ளைகளைப் போல.
ஒட்டுப்போட்ட இடத்துக்கு நேர் கீழே வைத்தேன்.
வெட்டும் வரிசையை மனதுக்குள் எண்ணியிருந்தேன்:
எவ்ஜெனிக்கு வரவேண்டும்.

முற்றத்தில் பனி.
செப்டம்பரிலிருந்து என்னிடம்
நாலு வாக்கியம் பேசியிருக்கும் மாமனார் லாம்பி
தணலை வாரிச் சாச்சின் மேல் கொட்டினார்.
அந்த இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்குவார்,
தட்டைக் கால் சுற்றுத் திருப்புவார், மூடுவார்.
மறுபடி தூக்குவார். இந்த முறை அரைச் சுற்று.
அப்புறம் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம்.
எத்தனை சுற்று என்று எண்ண முடியாமல் நான் நெளிந்தேன்.
"ஒரு பக்கம் கருகும்," என்றார்.
அது ஐந்தாவது வாக்கியம்.

கத்தியும் அவருடையதுதான்.
வீட்டுக்கு ஒன்று. பாரிக்காரர்களுக்கு ஒன்று.
எவ்ஜெனிக்கு. ஒலிம்பிக்கு.
பசுவுக்கு ஒன்று. ஃபெரித்துக்கு…
டிங்.

பசுவுக்கும் எனக்கும் நடுக்கோட்டில், செங்குத்தாக.
மருந்துக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம் என்றாள் ஒலிம்பி.
பாரிக்குப் போன் போட்டோம்.
மாமியார் நாணயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.
"அடிப்பக்கம் வெந்ததா? தட்டிக் காட்டு."
போனைப் பக்கத்தில் வைத்து நகத்தால் தட்டினேன்.
"கேட்கவில்லை. இன்னும் பலமாக."
தட்டினேன்.
அங்கே ஒரு குழந்தை அழுதது, பிறகு இன்னொன்று,
அப்புறம் அவர், "ம்."

வெண்ணெய் கொடுத்தது பசு,
ஆகவே நாணயம் பசுவுக்கு என்று முடிவானது.
தொழுவக் கதவில் அதை ஒட்டிவிடச் சொன்னார் லாம்பி.
வெல்டிங் எந்திரத்தை விற்றுவிட்டுத்தான் மலையேறினேன்.
மிச்ச மாவு கொஞ்சம் இருந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன்.
மாவைச் சுத்தமாக நக்கியிருந்தது பசு.
நாணயம் வைக்கோலில், தலைகீழாக,
இன்னும் ஈரமாக.