வாலுக்கும் காலம் உண்டு

ஹல் நகரம், ஆன்லபி சாலை, காலை ஐந்து நாற்பது.
நிழற்கூரையில் ஒரு கண்ணாடியை
போன வாரம் யாரோ உடைத்துவிட்டார்கள்.
மழை அதன் வழியே நேராக இறங்கி
ஈனிட் கார்பட்டின் வலது தோளில் உட்காருகிறது.
அவள் நகர்வதில்லை.
"குளிருது, இல்லையா?" என்கிறாள்.

யாரிடம் என்று சொல்ல முடியாது.
கிளிஃபர்ட் ஆக்ஸ்டபி "ஆமாமா" என்று
செய்தித்தாளை நாலாக மடிப்பார்.
அவ்வளவுதான், அன்றைய கணக்கு தீர்ந்தது.
பதினோரு வருடமாக இப்படி.
அவர் மருத்துவமனையில் கட்டில் தள்ளுகிறவர்,
அவள் எங்களோடு உறைபட்டாணி ஆலையில்.

இந்த ஊர் ஆங்கிலத்தில்
வால் இல்லாத வாக்கியம் வாசல் தாண்டாது.
உடல் உண்டு என்றால்
வால் இல்லையா என்னும்.
உடல் இல்லை என்றால்
வால் உண்டா என்னும்.
பஸ் வரும், வராதா?
மேனேஜர் திருந்தமாட்டான், திருந்துவானா?
உனக்குச் சர்க்கரை ஆகாது, ஆகுமா?
குரல் கடைசியில் தாழ்ந்தால் அது கேள்வியே அல்ல.
பக்கத்து இருக்கையிலிருந்து
கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது.
உட்காரலாம் என்று அர்த்தம்.

வைதோதஸுக்கு இது தெரியாது.
லிதுவேனியாவிலிருந்து வந்த முதல் வாரம்
ஈனிட் அவனிடம் குளிரைக் கேட்டாள்.
கைபேசியைப் பார்த்துச் சொன்னான்:
"இல்லை. நாலு டிகிரி.
எங்கள் ஊரில் இப்போது மைனஸ் பதினொன்று."
உண்மைதான்.
அந்த உண்மையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நாலு பேரும் சாலையைப் பார்த்தோம்.

பிறகு செவ்வாய்க்கிழமைதோறும்
நூலகத்து மாடியில் இலக்கண வகுப்புக்குப் போனான்.
பக்கம் எழுபத்திரண்டு, வால்கள்.
குளிரறையில் மூட்டை தூக்கும்போது மனப்பாடம் செய்வான்:
பட்டாணி உறைந்தது, உறையவில்லையா?
நீ தூங்கவில்லை, தூங்கினாயா?
"எங்கள் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும்" என்றான்.
எங்களுக்கும்தான் என்றேன்.
மொத்தக் குடும்பத்துக்கும் ஒற்றைக் குடை மாதிரி
ஒரு இல்லையா வைத்திருக்கிறோம்.
நனைகிறவர்கள் நனைவார்கள்.

பிப்ரவரியில் ஆக்ஸ்டபி மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள் டிரைவர்தான் சொன்னார்,
சில்லறை எண்ணிக்கொண்டே.
ஈனிட் டிக்கெட்டை வாங்கி
எப்போதும் போல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மறுநாள் நிறுத்தத்தில்
"குளிருது" என்றாள்.
அவ்வளவுதான்.
வால் வரும் வரும் என்று காத்திருந்தோம்,
வரவில்லை.
ஒரு வேன் தண்ணீரைச் சிதறிக்கொண்டு போனது.

வைதோதஸ் தொண்டையைச் செருமினான்.
உதடுகள் ஒருமுறை ஒத்திகை பார்த்தன. அப்புறம்,
"கிளிஃபர்ட் நல்ல மனிதராக இருந்தார்,
இருக்கிறார் இல்லையா?" என்றான்.

தப்பு.
உடல் இறந்தகாலம் என்றால் வாலும் இறந்தகாலம்தான்.
எழுபத்திரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டே இருக்கிறது.
ஈனிட் தப்பை விடுகிறவள் அல்ல.
விடுப்புக் கடிதத்தில் நான் எழுதிய ஒரு பன்மையை
ஆலை முழுக்கக் கேட்கும்படி திருத்தியவள்.
நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மடிப்பு விழாத செய்தித்தாள் கிடந்த
அந்த இருக்கையைப் பார்த்தாள்.
"இருக்கிறார்" என்றாள்.
கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள்.

மதியம், உறைந்த பைகளுக்கு நடுவில்
வைதோதஸ் கேட்டான்:
"காலையில் நான் சொன்னது தப்பா?"
"தப்பு இல்லை."
"இல்லையா?"
இந்த முறை குரல் மேலே போனது,
நிஜமான கேள்வி.
பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.
பட்டாணி வந்துகொண்டே இருந்தது.