ஏழாம் நம்பர் வாய்

எனக்குச் சம்பளம் வாய்களுக்கு.
ஃபேர்லேண்ட்ஸில், கொலுசுக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி.
ஒரு நரிக்குட்டிக்கு மொத்தம் பன்னிரண்டு வாய்.
முதல் வாய் மூடியது: ம், ப.
நாலாவது குவிந்தது: ஊ, ஓ.
ஏழாவது முழுக்கத் திறந்தது: ஆ.
நரி பேசும் மொழி எனக்குத் தெரியாது.
ஹெட்போனில் ஒலி எழும்ப எழும்ப
சீட்டு இறக்குவதுபோல் வாயை இறக்குவேன்.
நொடிக்கு இருபத்துநாலு கட்டம்,
வாரத்துக்கு நாற்பது நொடி நரி.

எந்த நாட்டில் ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள்,
மேனேஜர் லோகாம்பிகைக்கும் தெரியாது.
ஒருமுறை தேடிப் பிடித்தேன்.
கடைசியில் பெயர்கள் எறும்புச் சாரையாய் ஏறின.
என்னுடையது வருவதற்குள்
அடுத்த பகுதி ஐந்து நொடியில் என்று
கட்டம் சுருங்கி மூலைக்குப் போனது.
நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நவநீதன் இல்லை. ஓர் எழுத்து உதிர்ந்து, நவீதன்.

இரவுகளில் என் படம் ஒன்று செய்தேன்.
நான்கு நிமிடம் பதினொரு நொடி. பேச்சே கிடையாது;
வாய் வரைந்து அலுத்தவன் வேறென்ன செய்வான்.
ஏற்காட்டு மூடுபனித் துண்டு ஒன்று
சேலம் பார்க்க ஆசைப்பட்டு முதல் பஸ் ஏறுகிறது.
இருபதாம் வளைவில் கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார்.
பதினான்கில் கால் கரைகிறது.
ஆறில் இடுப்பு.
அடிவாரத்தில்
ஜன்னல் கண்ணாடியில் ஒரு கைத்தடம் மட்டும்.
மறுநாள் மறுபடி அதே பஸ்,
இந்த முறை யாருடைய ஃப்ளாஸ்க்கிலோ ஒளிந்தபடி.

இணையத்தில் ஏற்றினேன். தலைப்பை மாற்றினேன்.
முகப்பில் கண்ணைப் பெரிதாக்கு என்றார்கள்,
பனிக்குக் கண்ணே இல்லை, வைத்தேன்.
இரண்டு வருஷத்தில் அறுபத்து மூன்று பார்வை.
அதில் இருபது நான்.

ஆவணியில் கடைவாய்ப்பல் வலித்தது.
சூரமங்கலம், டாக்டர் ஷம்ஷாத் கிளினிக்.
ஊசி போட்டு, மரத்துப் போகட்டும் என்று
வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.
உள்ளே நாற்காலியில் ஒரு பையன் காலை உதைத்துக்கொண்டிருந்தான்.
உதவிக்கு இருந்த ரெஜினா சொன்னாள்:
"துருவேஷ், மேல பாரு. பனி பஸ் ஏறுது பாரு."

எழுந்து வாசற்படிக்குப் போனேன்.
கூரையில் கவிழ்த்து மாட்டிய டிவி.
மருந்து அலமாரிக் கண்ணாடியில் இடவலம் மாறி
என் பஸ், என் இருபதாம் வளைவு,
கைவலிக்க வரைந்த சில்வர் ஓக் மரங்கள்.
பையன் வாயைத் திறந்தான்.
யாரும் சொல்லாமலே, முழுக்க.

ஏழாம் நம்பர்.
இத்தனை நாள் தப்பாக வரைந்திருக்கிறேன்.
நாக்கு சற்று இடப்பக்கம் சாய்கிறது,
கீழுதடு நடுங்குகிறது,
முன்பல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஈறு.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன், பாதி உதட்டால்.
"அஞ்சு ரோட்டுல தம்பி கடை. பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான்.
விளம்பரம் வராது, சத்தம் கம்மி.
ஒரு பல்லு அடைக்கக் கணக்கா இருக்கும்.
பெரிய பல்லுன்னா ரெண்டு வாட்டி."
தினம் எத்தனை பிள்ளைகள்?
"ஞாயிறுன்னா பதினஞ்சு வரும்."
கைபேசியைப் பார்த்தேன். அறுபத்து மூன்று.
அதில் ஒன்று, தம்பி.

படம் முடிந்தும் பையன் எழவில்லை.
பஞ்சைக் கடித்தபடி என்னைக் கேட்டான்:
"அந்த ஃப்ளாஸ்க்க யாரு தொறப்பா?"
அதை நான் யோசித்ததே இல்லை.
ஏதோ சொல்ல நினைத்தேன்.
பன்னிரண்டில் ஒரு வாய்கூட வரவில்லை.
எச்சில் வழிந்தது. அவன் சிரித்தான்,
அவனுக்கும் வழிந்தது.

திங்கட்கிழமை திருத்தம் வந்திருந்தது.
காட்சி பதினெட்டு: நரியின் நாக்கு அதிகம் தெரிகிறது, குறைக்கவும்.
குறைக்கவில்லை.
இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து அனுப்பினேன்.
பார்ப்போம்.